மீட்டர்காரர் வீட்டுச் சக்கரம்

மூன்றாம் மாடி மீட்டர்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, வீட்டின் பின்னறையை மனைவிக்கே விட்டுத்தருவதாக நாலு பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார். அந்த நாலு பேரில் கீழ்வீட்டம்மாவும் ஒருத்தி. ஆகவே பொழுது சாய்வதற்குள் அந்த வாக்கு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. இனி அவரே நினைத்தாலும் பின்வாங்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மனைவிக்குத் தையல் வேலை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் தையல்காரம்மா. குடிவந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசைக்கும் வாசல் கதவுக்கும் இடையே கிடைத்த இடுக்கில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள். கதவை யார் திறந்தாலும் அவள் முழங்கையில் இடிக்கும். யாருடைய சட்டையிலாவது காலர் ஒரு பக்கம் கோணியிருந்தால், "அன்னைக்கு அக்கா வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பாங்க" என்று கீழ்வீட்டம்மா விளக்கம் சொல்வாள். பின்னறை கைக்கு வந்ததும் இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் போட்டுத் தையல் வகுப்பு தொடங்க வேண்டும் என்பது தையல்காரம்மாவின் பல வருஷ ஆசை. மெஷின்களுக்குச் சொல்லி வைத்தாயிற்று. கற்றுக்கொள்ளக் காத்திருந்த பெண்கள் "எப்பக்கா, எப்பக்கா" என்று மாடிப்படியில் மறித்து மறித்துக் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மீட்டர்காரர் போனில் ஒரு வீடியோ பார்த்தார்.

யாரோ ஒரு வழுக்கைத் தலையர், தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு சக்கரத்தைச் சுற்றிக் காந்தங்களை ஒட்டுகிறார். பக்கத்தில் இன்னும் சில காந்தங்களைக் கொண்டுவந்து வைக்கிறார். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. சக்கரம் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது. பல்பு எரிகிறது. வழுக்கைத் தலையர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். அவ்வளவுதான் வீடியோ.

வேறு யாராவது பார்த்திருந்தால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். மீட்டர்காரரால் முடியவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டரைப் பார்த்து எழுதியவர் அவர். பழைய மீட்டருக்குள் ஒரு அலுமினியத் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தத் தகட்டைப் பார்த்துப் பார்த்தே அவருக்குத் தலை நரைத்தது. அது சுற்றியதற்காக எத்தனை வீட்டுக்காரர்களின் முறைப்பு, எத்தனை நாய்களின் துரத்தல்! யாரும் குனிந்து பார்த்து எழுத வேண்டாத ஒரு சக்கரம் உலகத்தில் சுற்றுகிறது என்று தெரிந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏம்மா, பின்ரூமை ஒரு ரெண்டு வாரத்துக்கு மட்டும் எடுத்துக்கட்டுமா?"

தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். அதனால் "ம்" என்றுதான் சொல்ல முடிந்தது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

முதலில் பலியானது ஃப்ரிட்ஜ். கதவு ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டையை மீட்டர்காரர் உருவியெடுத்தார். அதற்கப்புறம் கதவு மூடவே மாட்டேன் என்றது. தையல்காரம்மா அகலமான எலாஸ்டிக்கில் காஜா எடுத்து, ஃப்ரிட்ஜுக்கு ஒரு பெல்ட் தைத்து மாட்டினாள். அடுத்தது பீரோக் கதவின் காந்தம், பீரோவுக்கும் பெல்ட். அவளுடைய கைப்பை வாயை மூடும் காந்தமும் காணாமல் போனபோது பைக்கும் ஒரு பித்தான் வந்தது. அந்த வீட்டில் எதைத் திறப்பதென்றாலும் சட்டையைக் கழற்றுவதுபோல முதலில் ஒரு பித்தானைக் கழற்ற வேண்டியிருந்தது. பழைய ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தம், உயிரை விட்ட கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து எடுத்த காந்தம் என்று பின்னறையில் குவியல் ஏறியது. வீடியோ பிளேயர் ஒன்றைப் பிரித்து உள்ளேயிருந்த உருளையை எடுத்தவர், குழந்தையைக் காட்டுவதுபோல அதைக் கொண்டுவந்து காட்டினார்.

"இதோட பேரிங்கைப் பாரேன். ஊதினாலே சுத்தும்!"

"ஊதுங்க, ஊதுங்க. என் சட்டி மூடியை எங்கயாவது பார்த்தீங்களா?"

"அது இப்ப மூடி இல்லம்மா. ரோட்டர்."

"அப்ப சட்டியை எதால மூடறது?"

"ஒரு தட்டால மூடேன். விஞ்ஞானத்துக்கு நீ செஞ்ச உதவியா இருக்கட்டும்."

சட்டி மூடியை உருளையின் மேல் பொருத்தினார். ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டிப் பட்டை பட்டையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஃப்ரிட்ஜ் காந்தத் துண்டு ஒன்றை ஒட்டி, மூடியின் விளிம்பைச் சுற்றி மீன் செதில்போலச் சாய்த்துச் சாய்த்து நட்டார். சாய்வில்தான் சூட்சுமம் என்று வழுக்கைத் தலையர் இன்னொரு வீடியோவில் சொல்லியிருந்தாராம். பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு ஓட்டை உண்டு. என்றோ ஏதோ குழாய் போன வழி. குழாய் போய்ச் சேர்ந்துவிட்டது, ஓட்டை தங்கிவிட்டது. ஒரு கை தம்ளரோடு நுழையும் அகலம். அந்த ஓட்டையை ஒட்டியிருந்த அலமாரிப் பலகை மட்டும்தான் ரசமட்டத்துக்குச் சம்மதித்தது. அதன் மேல் சக்கரத்தை நிறுத்தி, சுற்றிலும் ஸ்பீக்கர் காந்தங்களைக் காவல் வைத்தார். ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டினார். மின்விசிறியின் சுவிட்சையே டேப் போட்டு மூடினார்.

"நாளைக்கு எவனும் வந்து, காத்துல சுத்துதுன்னு சொல்லிடக் கூடாது பாரு!"

சொன்ன ரெண்டு வாரம் ஓடிப் போனது. சக்கரம் ஓடவில்லை. கட்டடத்தில் கிண்டல் ஓடியது. "அண்ணே, எங்க வீட்டுக்கு எப்ப கனெக்‌ஷன் குடுப்பீங்க?" என்று கீழ்வீட்டம்மா தினமும் படியில் நின்று விசாரித்தாள்.

ஒரு நாள் காலை. தையல்காரம்மா சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து ஒரு கூச்சல்.

"ஓடுதும்மா! ஓடுது! ஓடி வா!"

அடுப்பை அணைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது சக்கரம் கடைசியாக ஒரு முறை சோம்பல் முறித்து நின்றது.

"இப்பதாம்மா! இந்தா இப்பதான்! கிறுகிறுன்னு சுத்துச்சு!"

"சரிங்க," என்றாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரல் அது.

மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும். அவர் கத்துவார், அவள் ஓடுவாள், சக்கரம் நிற்கும். மீட்டர்காரர் யோசித்தார். சக்கரம் தனியாக இருக்கும்போது ஓடுகிறது. இவள் வந்தால் நிற்கிறது. ஆக, கோளாறு சக்கரத்தில் இல்லை.

"உன் கழுத்துல என்ன?"

"கத்திரிக்கோல். எப்பவும் தொங்கறதுதானே."

"இரும்பு! தோள்ல?"

"குண்டூசி."

"அதுவும் இரும்பு! காந்தம் பாவம், உன் பக்கம் இழுபட்டு இழுபட்டு வேலையை விட்டுடுது."

கத்திரிக்கோலைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார். வந்தாள். நின்றது. குண்டூசிகளை எடுத்துவிட்டு வந்தாள். நின்றது. கொண்டை ஊசி, விரலுறை எல்லாம் போயிற்று. "இன்னும் என்னத்தைக் கழற்றணும்? பல்லுல வெள்ளி அடைச்சிருக்கேன், அதைப் பிடுங்கட்டுமா?" என்று அவள் கேட்டபோது, மீட்டர்காரர் அதையும் ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார். கடைசியில், துணியில் கோடு போட அவள் வைத்திருந்த சாக்குக் கட்டியையே எடுத்துப் பின்னறை வாசலில் ஒரு கோடு கிழித்தார்.

"தப்பா நினைச்சுக்காதே. நீ இந்தக் கோட்டைத் தாண்டாம இருந்தா போதும்."

தப்பாக நினைக்காமல் என்ன செய்வது? தனக்கென்று வாக்குக் கொடுத்த அறை. இப்போது அதற்குள் எட்டிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. மெஷின் விற்கிறவர் வேறு, திங்கட்கிழமை இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். இறக்கினால் எங்கே வைப்பது, மொட்டை மாடியிலா?

அந்தக் கோபத்தோடுதான் அன்று வெங்காயத்தை வாணலியில் போட்டாள். வழக்கம்போலச் சமையலறைக் கதவை இறுக்கிச் சாத்தினாள். தைக்க வந்த துணியில் வதக்கின வாசனை ஏறினால் வாடிக்கையாளர்கள் சும்மா விடமாட்டார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள்.

"ஓடுது!" என்றது பின்னறை.

அவளுடைய புடவைத் தலைப்பில் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. தையல்காரி மேல் நூல் இல்லாமல் இருக்குமா? அதை எடுத்து உதறப் போனவள், அப்படியே நின்றாள். சுவர் ஓட்டையின் பக்கத்தில் விரலில் தொங்கிய நூல் நேராகத் தொங்கவில்லை. யாரோ ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஊதுவதுபோல, அவள் பக்கமாகப் படுத்துக்கொண்டு துடித்தது.

கையை நீட்டி எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தாள். நூல் தலையைத் தொங்கப் போட்டது.

"ச்சே! நின்னுடுச்சு!" என்றது பின்னறை.

போட்டாள்.

"ஓடுது!"

அணைத்தாள்.

"நின்னுடுச்சே!"

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டாள். வேறொன்றுமில்லை. சமையலறை ஜன்னல் பெயின்ட் அடித்ததிலிருந்து திறப்பதே இல்லை. கதவும் சாத்தியாயிற்று. எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, உள்ளே வர ஒரே வழி அந்த ஓட்டைதான். ஓட்டை வாசலில் செதில் செதிலாகச் சாய்ந்து நிற்கிறது இவருடைய சட்டி மூடி. ஊதினாலே சுற்றும் என்று அவரே சொன்ன உருளை! அவள் வெளியே வரும்போது சிக்கனமாக ஃபேனை அணைத்துவிட்டு வருவாள். காற்று இல்லை என்று நிரூபிக்க அவர் ஒரு முறை மெழுகுவத்தி ஏற்றி, அவளைப் பின்னறை வாசலில் சாட்சியாக நிற்கவைத்துக் காட்டியிருந்தார். சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? ஃபேன் போடுகிறவள்தானே சாட்சிக்கு வந்து நின்றாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் நாக்கு நுனி வரை வந்த விஷயத்தை இன்னும் கொஞ்சம் அங்கேயே வைத்துச் சுவைத்துப் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது. யாரைக் குறை சொல்வது? கல்யாணமான இத்தனை வருஷத்தில் புருஷனுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தால் மனுஷன் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். அணைத்தால் இரண்டு நிமிஷத்தில் சோர்ந்த முகத்தோடு மேசைக்கு வந்துவிடுவார். முட்டை தீர்ந்து போனதா? அணை. "என்னங்க, ஓடலையா? காத்தாடக் கடை வரைக்கும் போய்ட்டு வாங்களேன். வரும்போது முட்டை." அவர் திரும்பி வந்ததும், போடு. "பாத்தியா, காந்தத்துக்கும் ஓய்வு வேணும்!" என்று முட்டைப் பையோடு குதிப்பார். ஒரு நாள் இன்னொரு கண்டுபிடிப்பு: ஸ்பீக்கர் காந்தங்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் சக்கரம் இன்னும் வேகமாக ஓடுகிறதாம். "நெருங்கிட்டா மரியாதை போயிடும்மா, காந்தத்துக்கும் அப்படித்தான்," என்று சொல்லி, காந்தங்களைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் அடுத்த பலகையில் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை நெருங்கியது. தையல்காரம்மா பேச்சை எடுத்தாள்.

"ரூம் என்ன ஆச்சு?"

"இது என்ன சாதாரண விஷயமா? உலகமே—"

"உலகத்தை விடுங்க. மெஷின் வருது."

மீட்டர்காரருக்கு ரோஷம் வந்தது. "சரி. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணனைக் கூப்பிடு. நாலு பேர் பார்க்கட்டும். நாம எல்லாரும் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் சக்கரம் நிக்காம ஓடினா ரூம் எனக்கு. நடுவுல நின்னுச்சுன்னா, அன்னைக்கே எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு நான் வெளியே வந்துடறேன். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் தையல்காரம்மா, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். டீ போட எக்ஸாஸ்ட் ஃபேன் எதற்கு? கொதிக்கிற தண்ணீருக்கு என்ன புகை? ஞாயிற்றுக்கிழமை அவள் எதையும் வதக்கப் போவதில்லை. அறை அவளுக்கு. முடிந்தது கதை.

ஞாயிறு மாலை அண்ணன் வந்தார். கட்டில் கடை வைத்திருப்பவர். எதைப் பார்த்தாலும் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்; மரமாக இருந்தாலும் சரி, மனுஷனாக இருந்தாலும் சரி. கீழ்வீட்டம்மாவை யாரும் அழைக்கவில்லை. அவள் சர்க்கரை கடன் கேட்க வந்து, கேட்க மறந்து, பின்னறையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா கோட்டைத் தாண்டாமல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓட்டை வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இதுதானா மாப்பிள்ளை?" அண்ணன் எதையோ தட்டினார். டங்கென்று ஒலித்தது. "சட்டி மூடி மாதிரி இருக்கே!"

"ரோட்டர், மச்சான்."

"சரி, சுத்தச் சொல்லுங்க உங்க ரோட்டரை."

மீட்டர்காரர் விரலால் சக்கரத்தை மெல்லத் தள்ளிவிட்டார். அது இரண்டு சுற்று சுற்றி நின்றது. இன்னொரு முறை தள்ளினார். நின்றது. ஸ்பீக்கர் காந்தத்தை நகர்த்தும் சத்தம். தள்ளினார். நின்றது.

"வழக்கமா ஓடும் மச்சான். காலையில கூட…"

"ஓடும், ஓடும். எங்க கடையில கூட ஒரு கட்டில், யாரும் பாக்காதப்ப நடக்கும்." அண்ணன் சிரித்த சிரிப்பில் ஓட்டையே அதிர்ந்தது. கீழ்வீட்டம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

சமையலறையில் டீ கொதித்தது. தையல்காரம்மா தம்ளர்களை வரிசையாக வைத்தாள். எல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது. நாளைக்கு இதே நேரம் அந்த ஜன்னலோரம் ஒரு மெஷின், இந்தச் சுவரோரம் ஒரு மெஷின்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றார் அண்ணன். "நம்ம கடைக்கு வந்து உட்காருங்க. கட்டிலுக்கு ஸ்க்ரூ எடுத்துக் குடுக்க ஆள் இல்லை. நின்னுகிட்டே செய்யற வேலை இல்லை, ஸ்டூல் போட்டுத் தரேன். வீட்டுல உட்கார்ந்து மூடியைச் சுத்திக்கிட்டு இருக்கறதுக்கு அது எவ்வளவோ கௌரவம். என்ன சொல்றீங்க?"

ஸ்பீக்கர் காந்தத்தை மறுபடி நகர்த்தும் சத்தம். அப்புறம் மீட்டர்காரரின் குரல் கேட்டது. "பார்க்கலாம் மச்சான்."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். எவனோ ஒரு வீட்டுக்காரன், மீட்டர் பார்க்கப் போனவரைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டிய அன்று, வீட்டுக்கு வந்து "ஒண்ணுமில்லம்மா" என்றாரே, அதே குரல்.

தையல்காரம்மா கையில் வடிகட்டியோடு எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைப் பார்த்தாள். வேண்டாம், என்றது புத்தி. அறை போய்விடும், என்றது மறுபடியும். அந்தப் பக்கம் அண்ணன் இன்னொரு முறை மூடியைத் தட்டினார், டங்.

சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"மாப்பிள்ளை…"

"ம்."

"இது… யாரும் தொடலையே?"

"யாரும் தொடலை மச்சான்."

"அம்மாடி!" என்றாள் கீழ்வீட்டம்மா. நாற்காலி நகரும் சத்தம். கட்டில் கடைக்காரர் தரையில் மண்டியிட்டுப் பலகைக்கு அடியில் ஒயர் தேடுவது, மூச்சு வாங்குவதிலிருந்தே தெரிந்தது. "ஒயர் இல்லை! ஒண்ணுமே இல்லை! மாப்பிள்ளை, என்னைய்யா இது! சுத்துதே! சுத்திக்கிட்டே இருக்குதே!"

இப்போது தையல்காரம்மாவுக்கு ஒரு புதுச் சிக்கல். டீ கொண்டுபோக வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் காற்று கதவு வழியாக வரும், சக்கரம் நிற்கும். சுவிட்சைப் போட்டதும் போட்டாள், சமையலறைக்குள் தானே கைதியாகிவிட்டாள்.

"தங்கச்சி, டீ எங்கம்மா? தொண்டை காய்ஞ்சு போச்சு!"

"நீ வராதே!" என்று மீட்டர்காரர் அலறினார். "கோடு! கோட்டைத் தாண்டாதே!"

"அதான் ஓட்டை இருக்கே அக்கா," என்று வழி சொன்னாள் கீழ்வீட்டம்மா. "அது வழியா நீட்டுங்க!"

வேறு வழியில்லை. முதல் தம்ளரை ஓட்டைக்குள் நீட்டினாள். கையும் தம்ளருமாக ஓட்டை அடைபட்டது. சக்கரம் தடுமாறியது. அண்ணன் தம்ளரை வாங்கிக்கொண்டார், கை பின்வாங்கியது, சக்கரம் சுதாரித்துக்கொண்டது. இரண்டாவது தம்ளர், கீழ்வீட்டம்மாவுக்கு. மறுபடி தடுமாறி, மறுபடி சுதாரித்தது. அண்ணனுக்கோ கீழ்வீட்டம்மாவுக்கோ அது கண்ணில் படவில்லை. ஆனால் தகடு ஓடும் வேகத்தைப் பார்த்தே எந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறார்கள் என்று சொன்ன மனுஷர் ஒருவர் அங்கே இருந்தார்.

மூன்றாவது தம்ளர் அவருக்கு. வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. தம்ளரிலிருந்து எழுந்த ஆவி மேலே போகவில்லை. வளைந்து, சக்கரத்தின் செதில்களைத் தடவிக்கொண்டு, நேராக ஓட்டைக்குள் நுழைந்தது. மீட்டர்காரர் தம்ளரைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். ஆவியும் வளைந்து வந்தது. வலப்பக்கம் நகர்த்தினார். அதுவும் கூடவே வந்தது.

மெல்லக் குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார்.

அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் ஒரு கண் தெரிந்தது. அதற்குப் பின்னால் எக்ஸாஸ்ட் ஃபேன். சுவிட்சின் மேல் அவள் விரல்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் கண் "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றது. அவர் கண் என்ன சொன்னதோ, அவளுக்குத் தெரியவில்லை. அது சட்டென்று விலகிவிட்டது.

"நான் குடிச்சு முடிச்சாச்சு மாப்பிள்ளை!" என்றார் அண்ணன். "ஜெயிச்சுட்டீங்க! ரூம் உங்களுக்குத்தான்!"

"நானும் முடிச்சாச்சு," என்றாள் கீழ்வீட்டம்மா.

மீட்டர்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நிதானமாகச் சுருட்டினார். ஓட்டைக்குள் செருகி, தண்ணீர் போகாத மாதிரி அழுத்தி அடைத்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது, அரைச் சுற்று சுற்றியது, நின்றது.

"நின்னுடுச்சு," என்றார். "என் டீ இன்னும் முடியலை. பந்தயத்துல நான் தோத்துட்டேன் மச்சான். ரூம் அவளுக்கு."

"அட, என்னய்யா இது அநியாயம்!" கட்டில் கடைக்காரர் கொதித்துவிட்டார். "நான் கண்ணால பார்த்தேன்! அது இளைப்பாறுதுய்யா! இவ்வளவு நேரம் ஓடினா எந்த மிஷினும் மூச்சு வாங்காதா?"

"இல்ல மச்சான். பேச்சுன்னா பேச்சு."

"துண்டை ஏன் ஓட்டையில வச்சீங்க அண்ணே?" என்றாள் கீழ்வீட்டம்மா. அவள் கேட்காமல் விட்டால்தான் ஆச்சரியம்.

"சமையல் வாசனை வருது."

"இன்னைக்கு எதுவும் சமைக்கலையே?"

"அதான் சொல்றேன். சர்க்கரைக்குன்னு வந்தீங்களே, வாங்கிட்டீங்களா?"

விருந்தாளிகள் போனார்கள். அண்ணன் படியிறங்கும்போதும் "உலகத்துக்கே வெளிச்சம் போட வேண்டிய மனுஷன்யா" என்று சொல்லிக்கொண்டே போனார். தையல்காரம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். மீட்டர்காரர் பின்னறைத் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் காந்தங்களை ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றார், நிமிராமல்.

"கோடு போட்டீங்களே, அன்னைக்கு வெங்காயம் வதக்கினதிலேர்ந்து."

"அப்ப முட்டை வாங்கப் போனேனே?"

"அதுவும்தான்."

"மெழுகுவத்தி?"

"அது நீங்களா பண்ணிக்கிட்டது."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிக் குனிந்து பார்த்தாள். மனுஷன் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

"உன் பல்லைப் பிடுங்கச் சொல்ல இருந்தேன்டி நான்!"

"தெரியும். அதைத்தான் இன்னும் மன்னிக்கலை."

"அது சரி. இன்னைக்கு ஏன் போட்டே? கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா ரூம் உன்னதுதானே?"

"ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கச் சொன்னாரே அண்ணன்," என்றாள். "உங்களைக் கிண்டல் பண்ணணும்னா நான் பண்ணிக்கறேன். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், எனக்கு உரிமை இருக்கு. அவரு யாரு நடுவுல?"

மீட்டர்காரர் பெட்டியை மூடினார். பிறகு ஏதோ தோன்றி எழுந்தார். "நீ அது ஓடி ஒரு தடவைகூடப் பார்க்கலை, இல்ல?" ஓட்டையிலிருந்து துண்டை உருவிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுவிட்ச் 'டிக்' என்றது. சட்டி மூடி மெல்லத் தயங்கி, ஒரு சுற்று வந்து, அப்புறம் செதில்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வெள்ளிப் பட்டையாகத் தெரியும்படி சுழன்றது. காற்றுதான் என்று தெரிந்தும் தையல்காரம்மாவால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"எப்படி?" என்று ஓட்டை கேட்டது.

"அழகாத்தாங்க இருக்கு," என்றாள். "மூடியைத் திருப்பித் தர வேண்டாம். வேற வாங்கிக்கிறேன்."

திங்கட்கிழமை மெஷின்கள் வந்தன. மீட்டர்காரரே படியில் முன்பக்கம் பிடித்துத் தூக்கினார். கட்டில் கடைக்காரர் மட்டும் இன்னும் அந்தப் பந்தயத்தின் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கட்டிலைத் தட்டிக் காட்டிக்கொண்டே, "எங்க மாப்பிள்ளை ஒரு மிஷின் பண்ணியிருக்கார், கரண்டே வேண்டாம்" என்று சொல்லி வருகிறாராம். யாரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை. கீழ்வீட்டம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும் என்றால், அது எப்படித் தெரிந்தது என்று கேட்பது வீண். அவளுக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்தில் ஒரு பாலும் பொங்கியதில்லை.

வகுப்பு காலையில் நடக்கிறது. காலையில் வகுப்பு என்றால் சமையல் யார் என்ற கேள்வி முதல் நாளே எழுந்தது. மீட்டர்காரர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் கரண்டியை எடுத்துக்கொண்டார். ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டே அலமாரியில் ஒரு கண் வைத்திருக்கிறாள். சக்கரம் சுற்றத் தொடங்கினால் உள்ளே வாணலி ஏறிவிட்டது என்று அர்த்தம்; நின்றால் சாப்பாடு தயார். எழுந்து போய்க் கேட்கவே வேண்டாம். நேற்று காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஊசியைப் பாதியில் நிறுத்தி அலமாரியைப் பார்த்தாள். பிறகு ஓட்டையின் பக்கம் குரலை உயர்த்தினாள்.

"ஏங்க! மணி என்னாச்சு, சக்கரம் இன்னும் ஓடலையே?"

"இரும்மா!" என்றது ஓட்டை. "வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன்!"